கிம்ச்சி வாடை பழகுமா?

செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜான் நகரத்தில் முதுகலை சேரப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார். விடுதி அறையில் கொரிய மாணவர் ஒருவருடன் ஒரே ஃப்ரிட்ஜைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமாம். காய்கறியை உப்பும் மசாலாவும் சேர்த்து நொதிக்கவைக்கும் கொரிய ஊறுகாயான கிம்ச்சியும் அதில் இருக்கும். "கிம்ச்சி வாடை குடலைப் புரட்டும், துணியில் ஏறினால் போகவே போகாது" என்று அங்கே இருந்துவிட்டு வந்த ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். கேட்டவர் வீட்டில் சைவம் வேறு. இந்த வாடை பழகுமா, சைவக் கிம்ச்சி கிடைக்குமா, விடுமுறைக்கு வரும்போது அம்மாவுக்கு எடுத்து வரலாமா என்பவைதான் கேள்விகள்.

நான் கொரியாவில் பல வருடங்களாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். நொதித்த உணவுகளில் வாழும் நுண்ணுயிரிகள் தொடர்பான ஆய்வுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பழகும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. கிம்ச்சிக்கு ஒரே வாடை கிடையாது. பிசைந்த அன்று ஒன்று, மூன்றாம் நாள் இன்னொன்று, மூன்றாம் வாரம் வேறொன்று, ஒரு வருடம் கழித்து முற்றிலும் புதிதாக ஒன்று. "தாங்க முடியாத நாற்றம்" என்று போய்வந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் அந்த மூன்றாம் நாளைத்தான், அல்லது மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவை. எந்த வாடை எதனால் வருகிறது, அது எப்போது மாறும் என்று தெரிந்துகொண்டால், டப்பா திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றாது. "ஓ, இன்னும் பழுக்கவில்லை" என்றுதான் தோன்றும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கொரியாவில் வெறுமனே கிம்ச்சி என்றால், நாப்பா என்ற நீளவாக்கு முட்டைகோஸில் செய்த கிம்ச்சிதான். முட்டைகோஸை நீளவாக்கில் பிளந்து, ஓர் இரவு உப்புநீரில் ஊறவைத்து, கழுவி, கவிழ்த்து வைத்து நீரை வடிப்பார்கள். அரிசி மாவில் காய்ச்சிய கூழில் மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், நீளமாகச் சீவிய முள்ளங்கி, உப்பில் ஊறிய பொடி இறால், நெத்திலியை உப்பிட்டு வடித்த சாறு எல்லாவற்றையும் கலப்பார்கள். இந்த மசாலாவை முட்டைகோஸின் ஒவ்வோர் இலைக்கும் நடுவே தடவுவதுதான் வேலை.

எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் பாட்டி இதைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முழங்கை வரை சிவப்பு ரப்பர் கையுறை. தரையில் விரித்த பாயில், தாம்பாளம் போன்ற பெரிய பாத்திரத்தின் முன் குந்தி உட்கார்ந்து, இலையை ஒவ்வொன்றாகத் தூக்குவார். தடித்த வெள்ளைத் தண்டில் மசாலா நிறைய, இலை நுனியில் லேசாக. கடைசியில் வெளி இலையால் மொத்தத்தையும் சுற்றி ஒரு பொட்டலம்போல் ஆக்கி, வெட்டுவாய் மேலே பார்க்கும்படி டப்பாவில் அடுக்குவார். அப்போதுதான் உள்ளே இருக்கும் மசாலா கீழே வழியாது. ஓர் அடுக்கு முடிந்ததும் முஷ்டியால் அழுத்துவார். காற்று வெளியேறிச் சாறு மேலே வரும். எல்லாவற்றுக்கும் மேல், தனியாக உப்பிட்டு வைத்த பச்சை வெளி இலைகளைப் போர்வைபோல் மூடுவார். அந்த அழுத்தலும் போர்வையும்தான் பின்னால் வீட்டில் என்ன வாடை அடிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பூண்டை நசுக்கியதும் அதிலிருந்து அல்லிசின் உண்டாகிறது. அது நிலைத்து நிற்காமல் உடைந்து, டைஅல்லைல் டைசல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்களாக மாறுகிறது. முட்டைகோஸும் முள்ளங்கியும் கடுகின் குடும்பம். வெட்டுப்பட்டதும் அவையும் கடுகு நெடியையும் கந்தக வாடையையும் கிளப்பும். நெத்திலிச் சாறும் இறாலும் டிரைமெத்திலமீன் என்ற கவுச்சி வாடையைக் கொண்டுவருகின்றன. மனித மூக்கு இந்தக் கந்தகச் சேர்மங்களை அபாரமாகக் கண்டுபிடிக்கும். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும். அதனால்தான் டப்பாவை ஒரு நொடி திறந்தாலும் அறை முழுக்கத் தெரிகிறது. வாடை பலமாக இருப்பதாலேயே பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

இனி நாள் கணக்கு.

பிசைந்த அன்று பச்சைப் பூண்டு, இஞ்சி, மிளகாய் நெடி, அடியில் கொஞ்சம் கவுச்சி. உறைப்பான வாடைதான், ஆனால் புத்தம் புதியது. பலருக்கு இது பிடித்துவிடும். நொதிக்கவிடாமல் அன்றே சாப்பிடுவதற்கென்று கொட்ஜொரி என்று தனியாக ஒரு வகையே உண்டு.

அறை வெப்பத்தில் ஒரு நாள், இரண்டு நாள் கழிந்ததும் வேலை தொடங்குகிறது. முதலில் பெருகுவது லியூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. நம் வீட்டு இட்லி மாவைப் பொங்கவைப்பதும் இதே பாக்டீரியாதான். லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் இது உண்டாக்கும். வாயு மேலே வரும்போது கந்தகச் சேர்மங்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. பூண்டின் பச்சை வாடை இன்னும் போகவில்லை, புளிப்பும் முழுதாக வரவில்லை, கவுச்சி அடங்கவில்லை. மூடியைத் தூக்கியதும் "புஸ்" என்ற சத்தத்தோடு அழுகிய முட்டையை நினைவூட்டும் ஒரு வீச்சு வரும். கொரியர்களுக்கே இந்தக் கட்டம் பிடிக்காது. கிம்ச்சிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்பார்கள். அந்த நேரத்தில் சாப்பிட மாட்டார்கள், காத்திருப்பார்கள். புதிதாக வந்த ஒருவர் தன் வாழ்க்கையின் முதல் கிம்ச்சியை இந்தக் கட்டத்தில் முகர்ந்தால், ஆயுசுக்கும் வேண்டாம் என்று முடிவு செய்வதில் ஆச்சரியமில்லை.

ஃப்ரிட்ஜில் 4 டிகிரி அளவில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பழுத்துவிடும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (இது இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 4.2 முதல் 4.5 வரை இறங்கியிருக்கும். இப்போது வாடையே வேறு. புளிப்புதான் முன்னால் நிற்கும். பூண்டு பின்னால் போய்விடும். கவுச்சி ஏறக்குறைய மறைந்துவிடும். அமிலம் கூடும்போது டிரைமெத்திலமீன் உப்பாக மாறிச் சாற்றிலேயே தங்கிவிடுவதால் காற்றில் வருவது குறைகிறது. மீன் வறுவலில் எலுமிச்சை பிழிந்தால் கவுச்சி அடங்குவதும் இதனால்தான். கரைந்திருக்கும் வாயுவால் நாக்கில் சோடாபோல் ஒரு சுருக்கும் இருக்கும். முதன்முதலில் ருசி பார்க்க வேண்டுமானால் இந்தக் கட்டத்தில் பாருங்கள்.

ஒரு வருடமோ அதற்கு மேலோ குளிரில் வைத்தது முகுன்ஜி. நிறம் மங்கி, தண்டு கண்ணாடிபோல் ஆகியிருக்கும். ஆழமான புளிப்பு, பாலாடைக்கட்டி சாயலில் ஒரு வாடை. பச்சையாகச் சாப்பிடுபவர்கள் குறைவு. கிம்ச்சி ஜிகே என்ற குழம்புக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது.

கெட்ட வாடையும் உண்டு. சாற்றுக்கு மேலே துருத்திக்கொண்டு காற்றுப்பட்ட பகுதியில் ஒரு வெள்ளை ஏடு படியும். பெரும்பாலும் ஈஸ்ட்தான், விஷமில்லை. ஆனால் ஒரு மக்கல் வாடையைத் தரும், தண்டும் குழையும். கொரிய வீடுகளில் அந்தப் பகுதியை எடுத்தெறிந்துவிட்டு, மீதியைத் தண்ணீரில் அலசிக் குழம்பு வைத்துவிடுவார்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சுபோல் பூத்திருந்தால் அது பூஞ்சை. டப்பாவோடு கொட்டிவிட வேண்டும்; பார்த்துப் பார்த்துக் காப்பாற்ற முயல வேண்டாம். பாட்டி முஷ்டியால் அழுத்திக் காற்றை வெளியேற்றியதும், பச்சை இலையால் மூடியதும் இதைத் தடுக்கத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிம்ச்சியின் தலையில் விழும் பழியில் ஒரு பங்கு அதனுடையது அல்ல. சொங்குக்ஜாங் என்று சில நாளிலேயே நொதிக்கும் சோயா பயறுக் குழம்பு ஒன்று இருக்கிறது. அது கொதிக்கும் கடையைக் கடந்தால் நனைந்த சாக்ஸை ஹீட்டரில் காயவைத்ததுபோல் இருக்கும். தென்மேற்கில் ஜொல்லா பகுதியில், குறிப்பாக மொக்போ பக்கம், ஹொங்கோ என்ற திருக்கைமீனை நொதிக்கவைத்துச் சாப்பிடுவார்கள். திருக்கையின் உடலில் இருக்கும் யூரியா அம்மோனியாவாக மாறி, வாயில் வைத்ததும் நெடி மூக்கின் உச்சியில் ஏறும். இதை வேகவைத்த பன்றி இறைச்சி, பழைய கிம்ச்சி இரண்டோடும் சேர்த்துத்தான் பரிமாறுவார்கள். புதிதாக வந்த பல நண்பர்கள் இந்த இரண்டையும் முகர்ந்துவிட்டு "கிம்ச்சி நாறுகிறது" என்று ஊருக்குப் போன் செய்ததைக் கேட்டிருக்கிறேன்.

கிம்ச்சியிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. குளிர் அதிகமான வடக்கில், பியோங்யாங் பக்கம், உப்பும் மிளகாயும் குறைவு, நீர் அதிகம், வாடையும் மென்மை. வெயில் கூடுதலான தெற்கில் சீக்கிரம் கெடாமல் இருக்க உப்பும் மீன்சாறும் தாராளம். ஜொல்லா கிம்ச்சி பலருக்கு உச்சமான ருசி. புதியவருக்கு அதுவே உச்சமான வாடை. தேஜான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

சரி, மூக்கு எப்படிப் பழகுகிறது? இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, தொடர்ந்து ஒரே வாடையில் இருந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. அது தற்காலிகம்தான். உங்கள் அறைத்தோழருக்குத் தன் டப்பாவின் வாடை தெரியாமல் இருப்பதற்கும், வெளியிலிருந்து வரும் உங்களுக்குப் பளிச்சென்று தெரிவதற்கும் இதுதான் காரணம். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. இரண்டாவதுதான் உண்மையான பழக்கம்: அந்த வாடையோடு ருசியும் நல்ல நினைவும் சேர்வது. 2005-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். செடார் சீஸ் வாடை கொண்ட ஒரே கலவையை "செடார் சீஸ்" என்ற பெயரோடு முகரக் கொடுத்தபோது இனிமையாக இருக்கிறது என்றவர்கள், "உடல் வாடை" என்ற பெயரோடு கொடுத்தபோது பிடிக்கவில்லை என்றார்கள். மூளைப் பதிவிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. முன்கூட்டியே "நாறும்" என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவர் எப்படி முகர்வார் என்பதை இதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள்.

மூக்கால் முகர்வதும், மெல்லும்போது வாய்க்குள்ளிருந்து மேலேறும் வாசனையும் வேறு வேறு. டப்பாவைத் திறந்து குனிந்து முகர்ந்து பார்த்து முடிவெடுப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. அப்படிச் செய்யாதீர்கள். தட்டில் வைத்த ஒரு சிறு துண்டைச் சூடான சோற்றோடு வாயில் போட்டு மெல்லுங்கள். சோறு உப்பையும் காரத்தையும் வாங்கிக்கொள்ளும்.

என் யோசனை, முதலில் சமைத்த கிம்ச்சியில் தொடங்குங்கள். கிம்ச்சி ஜோன் என்று மாவில் கலந்து தோசைக்கல்லில் ஊற்றும் ஒரு வகை இருக்கிறது. ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே புளிப்பாக இருக்கும். எண்ணெயில் வதங்கும்போது கந்தக வாடை பறந்துவிடுகிறது, முட்டைகோஸின் இனிப்பு மேலே வருகிறது. கிம்ச்சி போட்டு வறுத்த சோறு அடுத்தது. பிறகு தொங்ச்சிமி: முள்ளங்கியை மிளகாய்த்தூள் இல்லாமல் உப்புநீரில் நொதிக்கவைத்து, குளிர்ந்த நீரோடு கிண்ணத்தில் வைப்பார்கள். மிளகாய்த்தூள் சேர்க்காத வெள்ளைக் கிம்ச்சியும் உண்டு. சொல்லப்போனால் இவைதான் பழைய வகைகள். மிளகாய் கொரியாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில்தான். சிவப்புக் கிம்ச்சி அதற்கும் வெகுகாலம் பிறகு பரவியது. இதையெல்லாம் தாண்டி வந்தபின் பழுத்த சிவப்புக் கிம்ச்சி உங்களுக்குப் புதிதாகவே இருக்காது.

கிம்ச்சி வாடையைப் பற்றிப் பேசும்போது எனக்கு மனம் கனக்கும் இடம் ஒன்று உண்டு. கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்தில் வேலைக்காகவும் கட்டாயத்தாலும் ஜப்பானுக்குப் போய்க் குடியேறிய கொரியர்களை "பூண்டு நாற்றம்" என்று சொல்லித்தான் இழிவுபடுத்தினார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முன் வாயை முகர்ந்து பார்த்து அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அமெரிக்காவில் வளர்ந்த கொரியப் பிள்ளைகள் பலருக்கு, மதிய உணவு டப்பாவைத் திறந்ததும் பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட நாள் மறக்காது. மறுநாளிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்ததாகப் பெரியவர்களான பிறகு சொல்கிறார்கள். இன்று ஜப்பானிய ஊறுகாய்க் கடைகளில் கிம்ச்சி முன்வரிசையில் நிற்கிறது. 2021-இல் கலிஃபோர்னியா மாநிலம் நவம்பர் 22-ஐக் கிம்ச்சி நாளாக அறிவித்தது. ஆனாலும் அந்தத் தலைமுறைக்கு உள்ளே பதிந்தது அவ்வளவு எளிதில் போகாது. 2008 ஏப்ரலில் யீ சோ-யோன் கொரியாவின் முதல் விண்வெளி வீரராகச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, அவரோடு போன கிம்ச்சியை விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கினார்கள். வாயு உண்டாகிப் பொட்டலம் வெடிக்காமல் இருக்க, கதிர்வீச்சால் நுண்ணுயிரிகளை அழித்தார்கள். கூட இருக்கும் மற்ற நாட்டவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று வாடையையும் குறைத்தார்கள். வானத்துக்குப் போகும்போதும் அந்தக் கவலை கூடவே போயிருக்கிறது.

நமக்கும் இது அந்நியமில்லை. இங்கே வாடகை வீட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பெருங்காயம் தாளித்ததற்கும் கருவாட்டுக் குழம்பு வைத்ததற்கும் பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்த கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை கட்டடப் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, "என்ன சமைக்கிறீர்கள், தாழ்வாரம் முழுக்க வருகிறது" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று என் மனைவி ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுக் குளிரில் நின்றது இப்போதும் எனக்கு வலிக்கிறது. ஆகவே உங்கள் அறைத்தோழர் முன்னால் மூக்கைப் பொத்தாதீர்கள். அவர் எதுவும் சொல்ல மாட்டார். கொரியர்கள் இதில் மிகவும் கூச்சப்படுபவர்கள். மதிய உணவு முடிந்ததும் அலுவலகக் கழிப்பறைகளில் பாருங்கள், ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இறைச்சி சுடும் உணவகங்களின் வாசலில் துணியில் அடித்துக்கொள்ள வாசனை நீக்கி ஸ்ப்ரே வைத்திருப்பார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்பதில் அவ்வளவு கவனம்.

ஃப்ரிட்ஜ் பிரச்சினையும் உங்களுக்கு முன்பே கொரியர்களுக்கு வந்ததுதான். முன்பெல்லாம் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் ஊரே கூடி, குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய கிம்ச்சியைப் போட்டுவிடுவார்கள். கிம்ஜாங் என்ற இந்தக் கூட்டு உழைப்பை 2013-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது; வட கொரியாவின் கிம்ச்சி மரபு 2015-இல் சேர்ந்தது. போட்டதை ஓங்கி என்ற மண்ஜாடிகளில் நிரப்பி முற்றத்து மண்ணில் கழுத்துவரை புதைப்பார்கள். மண்ணுக்குள் வெப்பம் ஏறி இறங்காமல் உறைநிலையை ஒட்டியே நிற்கும். வாடையும் வெளியோடு போய்விடும். பிறகு அடுக்குமாடிகள் வந்தன. முற்றம் போயிற்று. கிம்ச்சி சமையலறை ஃப்ரிட்ஜுக்குள் வந்தது. பால், பழம், ஐஸ் கட்டி வரை எல்லாவற்றிலும் பூண்டு ஏறியது. சாதாரண ஃப்ரிட்ஜில் விசிறி குளிர்காற்றைச் சுழற்றுகிறது. ஒரு மூலையின் வாடையை எல்லா மூலைக்கும் கொண்டுபோவதும் அதுதான். கிம்ச்சிக்கென்று தனி ஃப்ரிட்ஜ் 1984-இலேயே வந்தாலும், 1995-இல் வந்த திம்சே என்ற ஃப்ரிட்ஜ்தான் வீடுவீடாகப் பரவியது. பெட்டியின் சுவரே குளிரும், மூடி மேலே திறக்கும், வெப்பம் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்கும். புதைத்த ஜாடி செய்த வேலையை மின்சாரத்தில் செய்ய வைத்தார்கள். இன்று குடும்பங்கள் வாழும் கொரிய வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவது ஃப்ரிட்ஜ் ஒன்று பால்கனிப் பக்கம் நிற்கும்.

விடுதியில் அது கிடையாது. அதனால் நீங்களும் அறைத்தோழரும் முதல் வாரத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பையிலேயே கிளிப் போட்டு வைப்பதுதான் அறையை நாறடிக்கும் முதல் காரணம். நான்கு பக்கமும் பூட்டும், ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி டப்பா ஒன்று வாங்கி அவருக்குப் பரிசாகவே கொடுங்கள். அறை கிடைத்த சந்தோஷத்துக்கு என்று சொல்லுங்கள், நன்றாகவே எடுத்துக்கொள்வார். கண்ணாடியோ ஸ்டீலோதான் நல்லது. பிளாஸ்டிக் வாடையையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டு திருப்பித் தராது. டப்பாவை முக்கால் பங்குக்குச் சற்று மேல் மட்டும் நிரப்ப வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் வாயு சாற்றைத் தள்ளி வெளியே வழியவைக்கும். ஃப்ரிட்ஜ் வாடையில் பெரும்பகுதி டப்பாவிலிருந்து வருவதில்லை, தட்டில் வழிந்து காய்ந்த அந்தச் சாற்றிலிருந்து வருகிறது. வழிந்தால் உடனே துடைத்துவிட வேண்டும். ஒரு மூலையில் சமையல் சோடாவைத் திறந்து வைப்பது எல்லாரும் சொல்லும் வழி. புளிப்பு வாடைக்கு அது சரி. கந்தக வாடைக்குக் கரித்துண்டு அல்லது கடையில் விற்கும் கரிப் பெட்டிதான் வேலை செய்யும். உங்கள் பாலையும் ஐஸையும் மூடி வையுங்கள்.

துணியைப் பற்றிய பயம் பாதி உண்மை. குளிர்ந்த கிம்ச்சி துணியில் ஏறாது. கொதிக்கும் ஜிகேயும், எண்ணெயில் வதங்கும் கிம்ச்சியும் ஏறும், அதிலும் ஒற்றை அறை வீடுகளில். அந்த நேரத்தில் குளிர்காலக் கோட்டை அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிடுங்கள். கோட்டில் ஏறியதை ஜன்னலோரம் ஓர் இரவு மாட்டிவைத்தாலே போய்விடும். வாயில் நிற்கும் வாடைதான் பிடிவாதமானது. பூண்டிலிருந்து வரும் அல்லைல் மெத்தில் சல்ஃபைடு இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறுவதால் பல் தேய்த்தால் மட்டும் போகாது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் கொழுப்பு நீக்காத பால் குடிப்பதும், ஆப்பிளை அப்படியே கடித்துத் தின்பதும் அதைக் குறைப்பதாகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

சைவம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உணவகத்தில் இலவசமாக வரும் கிம்ச்சியில் ஏறக்குறைய எப்போதும் மீன்சாறோ இறாலோ இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேட்டால் பரிமாறுபவருக்கும் அது அசைவமாகத் தோன்றாது. "இதில் இறைச்சி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், இல்லை என்றே பதில் வரும். "ஜொத்கால் சேர்த்திருக்கிறதா" என்று கேளுங்கள்; உப்பில் ஊறிய மீன், இறால் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் பெயர். பெரிய கடைகளில் சைவக் கிம்ச்சி என்று அச்சிட்டே விற்கிறார்கள். பௌத்த மடாலயங்களில் செய்யும் கிம்ச்சி இன்னும் ஒரு படி மேல். மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. கடல்பாசி, காளான் வேகவைத்த நீரும் சோயா சாஸும்தான் ருசிக்கு. கந்தகமும் கவுச்சியும் இரண்டுமே குறைவதால் வாடையும் மெல்லியது. உங்களுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

கடைசியாக, அம்மாவுக்கு எடுத்து வருவது. இஞ்சியோன் விமான நிலையத்தில் கிம்ச்சியைத் திரவக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். பெட்டியில் வைத்து அனுப்பலாம், ஆனால் வழியெல்லாம் அது நொதித்துக்கொண்டே இருக்கும். மே மாதச் சென்னை வெயிலில் பெட்டியைத் திறக்கும்போது பை பலூன்போல் உப்பியிருந்தால் அதுவே நல்ல நேரம். வெடித்திருந்தால் அம்மாவுக்கு வாங்கிய புடவையோடு போயிற்று. அவ்வளவு ரிஸ்க் வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் கொரியர்கள் வாழ்கிறார்கள். கொரிய உணவகங்களும் மளிகைக் கடைகளும் இருக்கின்றன. கொரிய மிளகாய்த்தூளை மட்டும் ஒரு பாக்கெட் இங்கிருந்து வாங்கிப்போங்கள். மீதியெல்லாம் வீட்டிலேயே செய்யலாம்.

ஒரு கிலோ முட்டைகோஸை, நாப்பா கிடைக்காவிட்டால் நம்மூர் முட்டைகோஸையே, பெரிய துண்டுகளாக நறுக்கி 60 கிராம் கல்லுப்பு தூவி இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு தண்ணீரில் அலசி நன்றாக வடியுங்கள். ஒரு ஸ்பூன் அரிசி மாவை ஒரு கப் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, நான்கு ஸ்பூன் மிளகாய்த்தூள், எட்டுப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் சோயா சாஸ், நறுக்கிய வெங்காயத்தாள், சீவிய முள்ளங்கி சேர்த்துப் பிசறுங்கள். பூண்டு சேர்க்காத வீடு என்றால் விட்டுவிடலாம். கிம்ச்சி அப்போதும் புளிக்கும். கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடைத்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, கீழே ஒரு தட்டு வையுங்கள். நம் ஊர் வெயிலில் இரவு போட்டால் மறுநாள் மதியத்துக்குள் குமிழ் வரத் தொடங்கும். குமிழைப் பார்த்ததும் ஒருமுறை மூடியைத் திறந்து வாயுவை விட்டு, சாற்றுக்குள் முங்கும்படி மறுபடி அழுத்தி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுத்த மூன்று நான்கு நாள் யாரையும் முகர்ந்து பார்க்க விடாதீர்கள். இரண்டாவது வாரம் அம்மாவுக்கு ஒரு துண்டை முதலில் தோசைக்கல்லில் வதக்கிக் கொடுங்கள், பச்சையாகப் பிறகு.